கூபேயும் முன்வரிசையும்

மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? மூக்குக்கண்ணாடிக் கடையில் வியாபாரம் எப்படி? உங்கள் அக்காவுக்கு முதுகுவலி தேவலையா? வெந்நீர்ப் பையை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நேற்றுதான் அலமாரியில் பார்த்தேன்.

உங்கள் அம்மா காலமாகி, காரியங்கள் எல்லாம் முடிந்து, மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. கொஞ்ச நாள் தம்பி வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று நானும் எதுவும் கேட்கவில்லை. போனில் கூப்பிட்டால் 'ம்' என்கிறாள், 'சாப்பிட்டீங்களா' என்கிறாள், பிறகு போனை உங்கள் சின்ன மகனிடம் கொடுத்துவிடுகிறாள். அவன் எனக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிறான். பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு வந்துவிட்டோம். இப்படியே போனால் நான் கணக்கில் தேறிவிடுவேனே தவிர அவள் எப்போது வருவாள் என்பது தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம். எங்கள் பம்பு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் வாய்ச்சொல் செல்லாது. எதுவானாலும் எழுத்தில் வர வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அவள் திரும்பி வரும்போது முதுகு நோகாமல் வர வேண்டும். நெருக்கியடித்து உட்கார்ந்து பயணம் செய்யவே கூடாது என்று டாக்டர் சொன்னது உங்களுக்கும் தெரியும். உருப்படியாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இரவு ரயிலில் முதல் வகுப்பு கூபே, இரண்டே படுக்கை உள்ள தனி அறை. கதவைத் தாழிட்டுக்கொண்டு காலை நீட்டிப் படுக்கலாம். இன்னொன்று, விமானத்தில் முன்வரிசை. ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் ஊர் வந்துவிடும். இரண்டிலும் நிறைகுறை உண்டு. அன்றைக்கு உங்கள் ஊருக்கு வரும்போது விமான நிலையத்தில் முன்வரிசைக்காரர்களுக்கென்று இருந்த ஓய்வறை உண்மையிலேயே நன்றாக இருந்தது. அந்த சோபா முதுகுக்கு என்றே செய்தது போலிருந்தது. பனிமூட்டத்தால் இரவு முழுதும் விமானம் கிளம்பாமல் இருந்தும், வலிக்கிறது என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

எது வேண்டும் என்று அக்காவைக் கேட்டு எழுதவும்.

அன்புடன்,
உங்கள் அத்தான்


மார்ச் 21

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். உங்களுக்கு ரத்தக்கொதிப்பு எப்படி? மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்கிறீர்களா, அல்லது மூன்று கடையில் விலை விசாரித்துக்கொண்டு இருக்கிறீர்களா?

அக்காவுக்கு வலி பரவாயில்லை. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் என்னோடு கடைக்கு வந்துவிடுகிறாள். கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்து அடுக்கி வைக்கிறாள். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு வட்டம் வேணாம், சதுரம் போடுங்க" என்று சொல்கிறாள். கேட்டுக்கொள்கிறார்கள். நான் சொன்னால் பேரம் பேசுகிறவர்கள் அவள் சொன்னால் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து உரக்கப் படித்தேன். கடைசி வரை கேட்டாள். "சரி" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். அவ்வளவுதான். கூபே என்றும் சொல்லவில்லை, முன்வரிசை என்றும் சொல்லவில்லை.

அத்தான், நானும் நாள் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்கிற தொழில்தான் செய்கிறேன். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிறேன். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர். "எனக்கு நல்லாத் தெரியுது, நீங்க இதையே போட்டுக்கங்க" என்று நான் சொல்ல முடியாது. சில பேர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வார்கள். காத்திருக்கத்தான் வேண்டும்.

அவசரப்படாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மறவாத,
மச்சான்


ஏப்ரல் 4

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு வெயில் தொடங்கிவிட்டது. வேறு குறையில்லை. அங்கே அனைவரும் நலம் என்று அறிந்து சந்தோஷம்.

அக்கா 'சரி' என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் ஆபீசில் மேலதிகாரி 'சரி' என்றால், விவரம் போதவில்லை, இன்னும் கொண்டு வா என்று பொருள். தப்பு என் மேல்தான். பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். இப்போது விசாரித்து எழுதுகிறேன்.

பயண ஏஜென்டிடம் நேரில் போனேன். எங்கள் கம்பெனிக்கு டிக்கெட் போடுகிற ஆள்தான், வாய் கொஞ்சம் நீளம்.

"சார், கூபேன்னா ராஜா வீடு சார். ரெண்டே பேர். கதவைச் சாத்துனா உலகமே வெளியே."

"கூபே நிச்சயமாக் கிடைக்குமா?"

"அது சொல்ல முடியாது சார். முதல் வகுப்புன்னுதான் டிக்கெட். கூபேவா, நாலு பேர் அறையான்னு கடைசியில அவங்கதான் ஒதுக்குவாங்க."

"அப்ப ராஜா வீடுன்னு எப்படிச் சொல்றே?"

"கிடைச்சா ராஜா வீடு சார்."

பார்த்தீர்களா? நாலு பேர் அறையில் மேல் படுக்கை வந்துவிட்டால் உங்கள் அக்கா எப்படி ஏறுவாள்? கீழே இருக்கிறவரிடம் கெஞ்ச வேண்டும். முதல் வகுப்புக்காரர்கள் லேசில் இறங்கி வர மாட்டார்கள்.

விமானத்திலும் சூட்சுமம் இருக்கிறது. பெரிய விமானத்தில்தான் முன்வரிசை நாற்காலி நிஜமாகவே அகலம். சின்ன விமானமாக இருந்தால் மூன்று பேர் உட்காரும் அதே வரிசைதான். நடு இருக்கையில் ஒரு பலகையைப் போட்டு மறைத்துவிட்டு, முன்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டு, உயர் வகுப்பு என்கிறார்கள். பழைய மொந்தையில் பழைய கள்தான், விலை மட்டும் புதிது. எந்த விமானம் வரும் என்பதும் கடைசியில்தான் தெரியுமாம்.

ஆக, காகிதத்தில் பார்த்து முடிவு செய்ய முடியாத விஷயம் இது. பம்பு வாங்குவதானால் மாதிரியை வரவழைத்து ஓட்டிப் பார்ப்போம். இதையும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

வீட்டில் நானேதான் சமைக்கிறேன். சோறு குழைகிறது. மற்றபடி ஒன்றுமில்லை.

அன்புடன்,
அத்தான்


ஏப்ரல் 29

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லாரும் நலம்தானே? உங்களிடமிருந்து பதில் வராததால் வேலை அதிகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற வாரம் சோதனையை முடித்துவிட்டேன். ரயிலில் போய் விமானத்தில் திரும்பினேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன், அக்காவிடம் படித்துக் காட்டவும்.

ரயிலில் எனக்குக் கூபே கிடைத்தது. கூட ஒருவர், பல் டாக்டர். நான் சிரிக்கும்போதெல்லாம் என் வாயையே பார்த்தார். அதைத் தவிர தொந்தரவில்லை. படுக்கை அகலம் போதும். மெத்தை சற்றுக் கடினம், அது முதுகுக்கு நல்லது. விரிப்பு சலவை மடிப்பு கலையாமல் வந்தது. குளிர்தான் அதிகம், சிப்பந்தியைக் கூப்பிட்டுச் சொன்னால் குறைத்துவிட்டு, நாம் தூங்கியதும் மறுபடி கூட்டிவிடுகிறார். கழிப்பறை பெட்டியின் கோடியில் இருக்கிறது, ஓடுகிற ரயிலில் அவள் பிடித்துக்கொண்டு நடக்கப் பக்கவாட்டில் கம்பி இருக்கிறது, நானே பிடித்து நடந்து பார்த்தேன். தண்டவாளம் மாறும் இடங்களில் மட்டும் குலுக்கல். அந்த நேரம் ஒருக்களித்துப் படுத்தால் தெரியாது. அவள் படுப்பது போல இடது பக்கம் படுத்துப் பார்த்தேன்.

காலையில் இறங்கி முதல் வகுப்புப் பயணிகள் அறையில் குளித்தேன். வெந்நீர் வருகிறது. நாற்காலிகள் பழசு, ஆனால் சுத்தம். காபி சுமார். அங்கிருந்து டாக்சி பிடித்து விமான நிலையம் வந்தேன். வழியில் உங்கள் தெருமுனை வந்தது. கடை திறந்திருந்தது. வெளியே ஒரு பையன் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

விமானம் சின்னதுதான், பலகை போட்ட வகை. வெந்நீரில் நனைத்த துண்டு கொடுத்தார்கள். பழச்சாறு கொடுத்தார்கள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போன பெண், நான் ரொட்டியைப் பிய்ப்பதற்குள் திரும்பி வந்து, "சார், இறங்கப் போறோம்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பந்தியில் உட்கார வைத்து இலையை உருவியது போல. ஆனால் கால் நீட்ட இடம் உண்டு. முதலில் ஏறலாம், முதலில் இறங்கலாம், பெட்டியும் முதலில் வருகிறது.

என் மதிப்பீட்டில் ரயில் ஒரு படி மேல். அக்காவின் அபிப்பிராயம் தெரிந்தால் டிக்கெட் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
அத்தான்


மே 5

அத்தானுக்கு,

நலம். நலமே விழைகிறேன்.

உங்களை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஊர் வரை வந்திருக்கிறீர்கள். ஸ்டேஷனில் குளித்திருக்கிறீர்கள். எங்கள் தெருமுனையைத் தாண்டி, என் கடை திறந்திருப்பதையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இறங்கி ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையைக் கேட்டிருக்கிறேன், வெண்ணெயின் மேலேயே டாக்சி ஓட்டிக்கொண்டு போனவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

இதை அக்காவிடம் மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. கடைக்கு வந்த தபாலை அவள்தான் பிரித்தாள். நான் வாடிக்கையாளருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "இந்த மனுஷன் இங்க வந்துட்டுப் போயிருக்காரு" என்றாள். வீட்டுக்கு வரும் வழியில், "இளைச்சிருப்பாரோ?" என்று ஒரே ஒரு கேள்வி.

நீங்கள் இவ்வளவு வெள்ளந்தியாக இருப்பதால் உடைத்தே சொல்லிவிடுகிறேன். அவள் எதில் வருவது என்று யோசிக்கவில்லை. வருவதா வேண்டாமா என்றுதான் யோசிக்கிறாள்.

அம்மா விழுந்துவிட்டாள், உடனே கிளம்புங்கள் என்று அன்று காலையில் நான் போன் செய்தேன். நீங்கள் மாலை விமானத்தில் முன்வரிசை போட்டீர்கள். பனி இறங்கியது, விமானம் நின்றுவிட்டது. அதற்கு யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அத்தான், நடுப்பகலில் ஒரு விமானம் இருந்தது. அக்கா விமான நிலையப் பலகையில் அதைப் பார்த்திருக்கிறாள், 'புறப்பட்டது' என்று. அங்கே இருந்த பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். "பின்னால சீட் காலியாத்தான் மேடம் போச்சு" என்றாளாம். உங்களைக் கேட்டதற்கு, "அதில் பின்வரிசைதான் இருந்துச்சு, உன் முதுகுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, தட்டில் பிஸ்கட் வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

அம்மா அன்று இரவு வரை நினைவோடு இருந்தாள். "வந்துட்டாளா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "வந்துக்கிட்டிருக்கா" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. கோபத்தில் எழுதினேன் என்று வருத்தப்படாதீர்கள். எழுதாமல் விட்டிருந்தால்தான் தப்பு.

மச்சான்


ஜூன் 2

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நாலைந்து முறை எழுதிக் கிழித்தேன். பிள்ளைகளின் பரீட்சை முடிந்திருக்கும். நன்றாக எழுதினார்களா?

உங்கள் அம்மா அன்று இரவு வரை கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நாங்கள் வந்து சேர்ந்தபோது யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் டெண்டரில் இரண்டு உறைகள் உண்டு. முதல் உறையில் பொருளின் தரம், இரண்டாவதில் விலை. தரத்தில் தேறாதவனின் இரண்டாவது உறையைப் பிரிக்கவே மாட்டோம். பிரித்தால் மனம் தடுமாறும் என்று விதி. இருபது வருடமாக அப்படியே செய்து எனக்குப் பழகிவிட்டது. அன்று அந்த நடுப்பகல் விமானத்தில் கடைசி வரிசைதான் இருந்தது. சாயாத நாற்காலி, பின்னால் கழிப்பறை. அவளுக்கு ஆகாது என்று முதல் பார்வையிலேயே தள்ளிவிட்டேன். தள்ளிய பிறகு அது எப்போது போய்ச் சேரும் என்று நான் பார்க்கவே இல்லை. இதை நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ. பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்கவில்லை.

அவளைக் கேட்டிருந்தால் நின்றுகொண்டே போகலாம் என்று சொல்லியிருப்பாள். கேட்கவும் இல்லை.

தெருமுனையில் டாக்சியை நிறுத்தச் சொன்னேன். அதைப் போன கடிதத்தில் எழுதவில்லை. டிரைவர், "இறங்கலையா சார்?" என்று இரண்டு முறை கேட்டார். நான் வந்திருப்பது தெரிந்து அவள் உள்ளே போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. 'விமானத்துக்கு நேரமாச்சு, போப்பா' என்று சொல்லிவிட்டேன். நேரம் நிறைய இருந்தது.

அவளுக்கு எழுத எனக்கு முகமில்லை. அவளுடைய வெந்நீர்ப் பையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

அத்தான்


ஜூன் 19

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? பையும் வந்தது, தம்பிக்கு எழுதிய கடிதமும் வந்தது. மாத்திரை தீரும் முன்பே வாங்கி வைத்துக்கொள்கிறீர்களா? பால்காரரிடம் ஒரு பாக்கெட்டைக் குறைக்கச் சொன்னீர்களா, அல்லது இரண்டையும் வாங்கிக் கெட்டுப்போக விடுகிறீர்களா?

எனக்கு நீளமாக எழுத வராது. ஆனால் நீங்கள் தம்பிக்கு எழுதி, தம்பி உங்களுக்கு எழுதி, என் விஷயம் இரண்டு ஆண்கள் நடுவே பந்து போல் போய்க்கொண்டிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அந்த ஓய்வறையை மெச்சி எழுதியிருந்தீர்கள். வலிக்கிறது என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வலி இருந்தது. இடுப்பிலிருந்து கால் வரை இழுத்தது. அதைச் சொன்னால் நீங்கள் இன்னொரு தலையணை கேட்டு வாங்கி வருவீர்கள் என்று பயந்து சொல்லவில்லை. சுற்றிலும் மெத்து மெத்தென்று இருந்தது. பாட்டுப் போட்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருக்க எனக்குக் கூசியது. என் அம்மா தரையில் விழுந்து கிடந்தாள் என்று தம்பி சொல்லியிருந்தான், எனக்கு அதுதான் கண்ணில் நின்றது. நீங்கள் என் காலடியில் ஒரு சின்ன முக்காலியை நகர்த்தி வைத்தீர்கள்.

உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரியும். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். என் சௌகரியத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற ஒருத்தர் மேல் நான் எப்படிச் சண்டை போடுவது? ஊரில் யாரிடம் சொன்னாலும், "உனக்கென்ன குறை, மகாராணி மாதிரி வச்சிருக்காரே" என்பார்கள்.

எனக்கு இங்கே கடையில் இருப்பது பிடித்திருக்கிறது. வருவேனா மாட்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ரயில், விமானம் என்று இனி எதுவும் எழுத வேண்டாம்.

வெயிலில் குடை இல்லாமல் போக வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஜூலை 7

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பால் ஒரு பாக்கெட்டாகக் குறைத்துவிட்டேன், ஆனால் போன வாரம்தான். மாத்திரை இருக்கிறது. உன் உடம்பு, தம்பி வீட்டார் உடம்பு எல்லாம் நலமாக இருக்க வேண்டும்.

ரயிலைப் பற்றியோ விமானத்தைப் பற்றியோ எழுதவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த வழியில்தானே யோசிக்க முடியும். உன் தம்பி வீட்டையும் நம் வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்த முறை இரண்டு பேருடைய இரண்டு உறைகளையும் பிரித்தேன்.

அங்கே தரைத்தளம். இங்கே மூன்றாம் மாடி, லிப்ட் போடுகிறோம் என்று குடியிருப்போர் சங்கத்தில் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே 'அத்தை' என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வர இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே கூப்பிட நான் ஒருவன், நானும் ஆபீஸ் விட்டு வந்து பேப்பரைப் பிரித்தால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்புவதில்லை என்று நீயே பல தடவை சொல்லியிருக்கிறாய். அங்கே உனக்கு ஒரு வேலை இருக்கிறது, உன் பேச்சைக் கேட்டுப் பொருள் வாங்குகிறார்கள். இங்கே ஒரு கரண்டி வாங்குவதானாலும் நான் விசாரித்துச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். அங்கே உன் அம்மா இருந்த அறை இருக்கிறது. இங்கே அவர் நாலைந்து முறை வந்து தங்கியதோடு சரி.

நம் வீட்டுக்குச் சாதகமாக என்ன இருக்கிறது என்று உண்மையாகவே தேடிப் பார்த்தேன். சமையலறையில் மாலை வெளிச்சம் நன்றாக வரும். தண்ணீர்க் கஷ்டம் இல்லை. அதற்கு மேல் எனக்குத் தோன்றவில்லை.

யார் கேட்டாலும் என் சிபாரிசு உன் தம்பி வீடுதான். நீ அங்கேயே இரு. உன் புடவைகளையும் தையல் மெஷினையும் லாரி சர்வீசில் அனுப்பி வைக்கிறேன். மெஷினுக்கு மரச்சட்டம் கட்டித்தான் அனுப்புவேன், அடிபடாது. கோபித்துக்கொண்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. நியாயமாகப் பார்த்து எழுதுகிறேன்.

நீ இல்லாமல் எனக்கு இங்கே பிடிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை, ஆபீசில் விளக்கை அணைக்கிற வரை உட்கார்ந்திருக்கிறேன். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது டெண்டர் போட்டவனின் சொந்த விருப்பம், அதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

உன்னுடைய,
கணவன்


ஜூலை 15

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன், கடையில் கூட்டம்.

அக்காவுக்கு என்ன எழுதித் தொலைத்தீர்கள்? கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் பார்த்தால் அழுகிறாள். அம்மா போன அன்று கூட அவள் இப்படி அழவில்லை. என் மனைவி பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடப் போனாள். கடிதத்தை எனக்கும் காட்டினாள், ஆனால் கடைசிப் பத்தியை மடித்துக் கையால் மறைத்துக்கொண்டுதான் காட்டினாள்.

மரச்சட்டம் கட்டுவதற்குள் என் பதிலைப் படித்துவிடுங்கள். தையல் மெஷினை அனுப்ப வேண்டாம். எங்கள் வீட்டில் வைக்க இடமில்லை. இது நான் சொல்வது. அவள் என்ன நினைக்கிறாள் என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

மச்சான்


ஜூலை 22

அன்புள்ள உங்களுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். குடை எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று நம்புகிறேன், இங்கே மழை பிடித்துக்கொண்டது.

உங்கள் சிபாரிசைப் படித்தேன். ஆபீசில் வாங்கப் போகும் பம்புக்கு எழுதுவது போல எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு எதிராக நீங்களே இவ்வளவு நேர்மையாக எழுதினால் நான் என்ன சொல்வது? ஆனால் ஒன்று சொல்கிறேன். யாருக்கு எது நல்லது என்பதை இந்த முறையும் நீங்களே முடிவு செய்து எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அங்கேயே இரு என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவ்வளவு கோபம் வந்த பிறகுதான், இங்கேயே இருந்துவிட எனக்கு மனமில்லை என்பது எனக்கே புரிந்தது.

உங்களை நான் மன்னித்துவிடவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருந்த அந்த இரவை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் நான் வருகிறேன். இது வேறு, அது வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்.

தம்பி வீட்டில் எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். யார் மேலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் கோபம் உங்கள் மேல். அதைத் தம்பி வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இன்று நானே ஸ்டேஷனுக்குப் போனேன். "எந்த வகுப்பும்மா?" என்று கவுன்டரில் இருந்தவர் கேட்டார். "எதுல இடம் இருக்கோ அதுல" என்றேன். சாதாரணப் படுக்கை வகுப்பில் நடுப் படுக்கை கிடைத்தது. சனிக்கிழமை காலை வருகிறேன். முதுகு வலிக்கும். வலிக்கட்டும். வலித்தால் நானே சொல்வேன், நீங்களாகத் தெரிந்துகொள்ள வேண்டாம். கடைக்கு மாதம் ஒரு வாரம் வருகிறேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு எப்படிப் போவது, எதில் வருவது என்பதையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன்.

நீங்கள் ஸ்டேஷனுக்கு வாருங்கள். பயணம் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டாம். அம்மா அன்று சாயங்காலத்திலிருந்து என்னென்ன பேசினாள், என்னை எப்படி எப்படிக் கூப்பிட்டாள் என்று தம்பி எனக்கு ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறான். நான் இன்னும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் சொல்வேன். நடுவில் ஒன்றும் பேசாமல், எழுந்து போகாமல், முழுவதும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி